ரோச்சோர் வார்டில் அப்பா நின்றது

நாங்கள் குடியிருந்த சிராங்கூன் சாலையை அந்நாளில் நகரம் என்று சொன்னால் நகரத்தார் சிரிப்பார்கள். கிராமம் என்று சொன்னால் நாங்கள் கோபித்துக்கொள்வோம். ஒரு பக்கம் கடைவீடுகள், மறு பக்கம் மாட்டுக்கொட்டகைகள், இரண்டுக்கும் இடையே சாலையைத் தன்னுடையதென்று நினைத்துப் படுத்திருக்கும் எருமைகள். ஆயினும் நகரசபையின் எல்லைக்குள்தான் இருந்தோம். நகரை வார்டு வார்டாகப் பிரித்து, வார்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சபைக்கு அனுப்பும் ஏற்பாடு அப்போது இருந்தது. எங்கள் வீடு ரோச்சோர் வார்டைச் சேர்ந்தது. வீட்டுவரி கட்டுகிறவர்களுக்கே வோட்டு. எங்கள் வீட்டில் அந்த உரிமை அப்பா ஒருவருக்கே இருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் கொட்டகையிலிருந்த எருமைகளுக்கும் இல்லை.

இந்தத் தேர்தல்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. யாரோ ஒரு வெள்ளைக்கார வியாபாரி போட்டியின்றிச் சபைக்குள் போவார். சில காலம் கழித்து இன்னொரு வெள்ளைக்கார வியாபாரி போவார். அந்தச் சபையில் நம்மவர் ஒருவர் உட்கார வேண்டும் என்ற எண்ணம் அப்பாவுக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் படகுத்துறையில் ஒரு கிடங்கின் தலைமைக் குமாஸ்தா. இரண்டு கடைவீடுகள் சொந்தம். ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் பேசுவார். தமிழை ஆங்கிலம் போலப் பேசுவார். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ஒருநாள் காலையில் இட்லியை முடித்துக் கைகழுவிவிட்டு அவர் அறிவித்தார்.

"நான் நிக்கப்போறேன்."

அம்மா சட்டினிக் கிண்ணத்தை எடுத்தபடியே கேட்டாள்.

"எங்க?"

"ரோச்சோர் வார்டுல."

"யாருக்காக?"

"ஜனங்களுக்காக."

"வர்ற வரைக்கும் உக்காந்திருக்கக் கூடாதா? காலு வலிக்குமே."

அப்பா விளக்கினார். வேட்பாளராகப் பெயர் கொடுப்பதை ஆங்கிலத்தில் நிற்பது என்பார்களாம். ஜெயித்தால் உட்காரலாமாம், உட்காருகிற இடத்துக்கு சீட் என்று பெயராம். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உக்காரத்தான் நிக்கிறீங்க" என்றாள். இதைவிடச் சுருக்கமாக நாடாளும் முறையை விளக்கிய எவரையும் நான் இதுவரை வாசித்ததில்லை.

இன்று இந்தச் சொற்களில் வேடிக்கை ஏதும் தோன்றாது. தேர்தலில் நிற்பதும் வோட்டுக் கேட்பதும் நாள்தோறும் புழங்கும் பேச்சாகிவிட்டன. அன்று எங்கள் தெருவில் வார்டு என்றால் ஆஸ்பத்திரி. ஓட்டு என்றால் கூரையில் போடும் ஓடு. "எனக்கு ஒரு ஓட்டுப் போடுங்க" என்று அப்பா முதன்முதலில் கேட்டது பக்கத்துக் கொட்டகையின் பால்காரரிடம். அவர் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்து, "ஒழுகுதாங்க? ஏணி இருந்தா இப்பவே ஏறிப் போட்டுடறேன்" என்றார்.

தையற்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். வேட்டியோடு துரைமார் முன் போகக்கூடாது என்று அப்பா வெள்ளைத் துணியில் ஒரு சிலுவார், அதாவது கால்சட்டை, தைக்கக் கொடுத்தார். அளவெடுத்தபோது, "நான் நிக்கிறதுக்குத்தான் இது. நல்லா எடுப்பா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். வந்த சிலுவார் உண்மையில் எடுப்பாகத்தான் இருந்தது. அதை அணிந்து நிற்கலாம், மெல்ல நடக்கலாம். உட்கார மட்டும் முடியாது. அப்பா திரும்பிப் போய்ச் சண்டை போட்டார்.

"நிக்கிறதுக்குன்னுதானே சொன்னீங்க! உக்காரவும் வேணும்னா அப்பவே சொல்லியிருக்கணும். துணி கூடப் பிடிக்கும்" என்றார் தையற்காரர்.

பிரித்துத் தைக்க அவகாசமில்லை. அப்பா அதே சிலுவாரில் வீடு வீடாகப் போனார். நாற்காலி போட்டவர்களிடமெல்லாம் "இருக்கட்டும், நிற்கிறேன்" என்றார். என்ன பணிவு பாருங்கள் என்று சிலர் மெச்சிக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் என் கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு வயது பதினெட்டு. அதற்குமுன் என்னைப் பார்க்க வந்த வரன்களின் வீட்டார் எனக்கு அப்பளம் பொரிக்கத் தெரியுமா, குரல் எப்படி, பற்கள் சொந்தமா என்றெல்லாம் விசாரித்துப் போயிருந்தார்கள். இந்த வரன் வேறு விதமானவர். நகருக்கு வெகு தொலைவில் செம்பவாங்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர். ஏதோ வேலையாக அப்பாவைப் பார்க்க ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஜன்னலோரம் அடுக்கியிருந்த மாத இதழ்களைக் கண்டார். சென்னையிலிருந்து கப்பலில் வருபவை. எனக்காக அப்பா வரவழைத்தவை. "இதையெல்லாம் யாருங்க வாசிக்கிறது?" என்று கேட்டார். என் மகள் என்று அம்மா சொன்னதும், உள்ளறைப் பக்கம் பாராமல், ஆனால் உள்ளறைக்குக் கேட்கும்படி, "அவங்க வாசிச்சு முடிச்சதும் எனக்கு இரவல் கிடைக்குமா?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். என்னிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ள விரும்பிய முதல் மனிதர் அவர். இந்த இடம் அமையவேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை.

முடிவு அவர் கையில் இல்லை. தாய் தந்தை இல்லாத அவரை வளர்த்தவர் அவருடைய அத்தை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கைவைத்தியத்தில் தேர்ந்தவர், ஆரோக்கியமாயிருக்கும் ஒருவரைக் கண்டால் அவருக்கு மனம் நிலைகொள்ளாது என்று கேள்விப்பட்டிருந்தோம். அவர் வந்து பெண்ணைப் பார்ப்பது, பிடித்திருந்தால் அன்றே தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடாகியிருந்தது.

அதற்கு முந்தின வாரம், செம்பவாங்கிலிருந்து அன்னாசி ஏற்றி வரும் வண்டிக்காரர் எங்கள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நின்றார். அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார். அங்கே அத்தையிடம் அவர் என்ன சொன்னார் என்பது பிறகு அவர் வாயாலேயே எங்களுக்குத் தெரியவந்தது. தம்மால் ஒரு குழப்பம் விளைந்ததாக அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை.

"உங்க சம்பந்தியாகப் போறவரு வார்டுல நிக்கிறாரும்மா."

"வார்டுலயா? ஐயையோ! படுக்க எடம் குடுக்கலையா?"

"படுக்கிறதாவது! உக்காரவே இன்னும் கெடைக்கலையாம். அதுதான் அந்தம்மாவுக்கு ஒரே கவலை."

"என்ன வார்டு?"

"ரோச்சோரு."

"ரோச்சோரா? அது தொத்துமா?"

"தொத்தாதும்மா. ஆனா இதுக்குன்னே வெள்ளைக்காரன் ஒருத்தனும் நிக்கிறானாம். அவனுக்குப் பழக்கம். போன தடவை நின்னு உக்காந்துட்டானாம்."

நிற்கிறார், உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் நிம்மதி. அத்தைக்கு இதற்குமேல் அடையாளம் ஒன்றும் தேவைப்படவில்லை. மூலம் என்று தீர்மானித்துவிட்டார். தோட்டத்து வேலியோரம் துத்தி இலை பறித்தார்; எங்கிருந்தோ ஒரு சாக்குக் கருணைக்கிழங்கு சேர்த்தார். பெண் வீட்டாரின் மானம் கருதி, நோயின் பெயரைத் தம் மருமகனிடம்கூடச் சொல்லவில்லை. "சும்மா, சமையலுக்கு" என்றாராம். ஆனால் அவர் மனத்தில் ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. தந்தைக்கு இருக்கும் நோய் மகளுக்கும் இருந்தால்?

பெண் பார்க்கும் நாள் வந்தது. அப்பா அன்று மாலை வோட்டர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசவேண்டியிருந்தது. ஆகவே காலையிலேயே சிலுவாரோடு தயாராக நின்றார். அத்தை உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் வரன். வரனின் தோளில் சாக்கு. அத்தையின் பார்வை நேரே அப்பாவிடம் போயிற்று. அவர் நின்றுகொண்டிருந்தார்.

"பாவம், நின்னுக்கிட்டேதான் இருக்கீங்களா அண்ணே" என்றார் அத்தை, நெஞ்சு கரைந்து.

தம் தேர்தல் செய்தி செம்பவாங் வரை எட்டிவிட்டதே என்று அப்பா பூரித்துப்போனார்.

"ஆமாம்மா. போன மாசத்துலேர்ந்து நிக்கிறேன்."

என்னை அழைத்துவந்து ஒரு மரப்பலகையில் உட்காரவைத்தார்கள். விரித்திருந்த மெத்தையை அத்தை கையாலேயே விலக்கிவிட்டு, "வெறும் பலகையிலேயே உக்காரும்மா. நல்லா அழுத்தி உக்காரு. நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காத" என்றார். இப்படி ஒரு பரீட்சையை நான் எந்தக் கதையிலும் வாசித்ததில்லை. அழுத்தி உட்கார்ந்தேன். அத்தை என் முகத்தை உற்றுப் பார்த்தார். முகம் சுளிக்கிறதா என்று பார்த்திருக்கிறார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா அண்ணே?"

"ஒரு தடவை நிக்கலாம்னு வந்துதும்மா. வெக்கப்பட்டு விட்டுட்டேன்."

"வெக்கப்படலாமா? இதுல என்ன வெக்கம்? யாருகிட்டயாவது காட்டுனீங்களா?"

"காட்டாம? வீடு வீடாப் போய் முகத்தைக் காட்டிட்டேன்." முகத்தை என்ற சொல்லை அப்பா வேகமாக விழுங்கிவிட்டது அவர் துரதிர்ஷ்டம்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வீடு வீடாவா!"

"கொட்டகைக்காரங்க, கடைக்காரங்க, ஒருத்தர் பாக்கி இல்ல. துரைமாருகிட்டக்கூடப் போனேன். நல்லாயிருக்குன்னு கைகுடுத்தாங்க."

"கைகுடுத்தாங்களா!"

"நாளைக்கு இங்கிலீஷ் பேப்பர்லயும் போடுறான்."

"முருகா!" என்றார் அத்தை. "வலி எப்படி?"

"வலி இருக்கத்தான் செய்யும். ஒருவாட்டி உள்ள போயிட்டா எல்லாம் சரியாயிடும்."

இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. சாக்கின் வாய் அவிழ்ந்து ஒரு கருணைக்கிழங்கு உருண்டு வந்து என் பலகையில் இடித்து நின்றது. அத்தை துத்தி இலைப் பொட்டலத்தைப் பிரித்து, "இதை வெளக்கெண்ணெயில வதக்கி, இளஞ்சூட்டோட வச்சுக் கட்டுங்க" என்று அம்மாவிடம் நீட்டினார். "எதுல?" என்றாள் அம்மா. "அதுலதான்" என்றார் அத்தை, குரலைத் தாழ்த்தி. நான் நிமிர்ந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த வரனும் நிமிர்ந்தார். அவர் முகம் சிவந்து, தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அவருக்கும் விளங்கிவிட்டது. பெண் பார்க்கும் சபையில் பெண் சிரித்தால் சம்பந்தம் முறிந்துபோகும். நான் உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த துயரமான விஷயங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றின் முடிவிலும் ஒரு கருணைக்கிழங்கு உருண்டுவந்தது.

"அத்தை" என்றார் அவர், தொண்டையைச் செருமி. "அவங்க எலெக்சன்ல நிக்கிறாங்க."

"அந்த நோவுக்கு இங்கிலீஷ்ல அதான் பேரா?"

"நோவு இல்ல, அத்தை." நகரசபை என்றால் என்ன, வார்டு என்றால் என்ன, வோட்டு எப்படிக் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் அவர் எடுத்துச் சொன்னார். தெளிவாகவே சொன்னார். தெளிவாகச் சொன்னதுதான் ஆபத்தாயிற்று. அத்தையின் முகத்திலிருந்த இரக்கம் சிறிது சிறிதாக வற்றியது.

"அப்ப ஒடம்புக்கு ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்லம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் அப்பா.

"கல்லு மாதிரி இருக்கிற மனுசன், வீடு வீடா ஏறி எனக்குப் போடு எனக்குப் போடுன்னு கேக்குறதா? நோவுன்னா பரவால்ல, பத்தியம் இருக்கு. இதுக்கு என்ன பத்தியம் இருக்கு?" அவர் எழுந்துவிட்டார். "கேட்டு வாங்குற குடும்பத்துல பொண்ணெடுத்தேன்னு ஊர்ல சொன்னா என் மூஞ்சி என்னாகும்? தட்டை உள்ள வைங்க."

அத்தை எழுந்ததால் வரனும் எழுந்தார். விருந்தினர் எழுந்ததால் அம்மாவும் எழுந்தாள். அப்பா முதலிலிருந்தே நின்றார். எழுந்திருக்கச் சொல்லாததால் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பேரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல அவர் வாயெடுத்தது எனக்குத் தெரிந்தது. அவர் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கல்யாணம் நடந்திருக்கும்; ஆனால் இட்லி தின்றுவிட்டு உலகை ஆளக் கிளம்பிய அந்தக் காலை முகத்தை நான் மறுபடி பார்த்திருக்க மாட்டேன்.

அவர் பேசும் முன்பு அத்தை என்னிடம் குனிந்தார். "நீயே சொல்லும்மா. உங்கப்பா இப்படி வீடு வீடாப் போறது உனக்கு வெக்கமாயில்ல?"

ஆம் என்றால் அப்பாவைக் கைவிட்டவள். இல்லை என்றால் வரனை இழந்தவள். என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒரு வார்த்தையும் வந்திருக்காது.

"இங்க வர்றதுக்கு முன்னாடி நீங்க எத்தனை வீட்டுல பொண்ணு கேட்டீங்க அத்தை?"

அம்மாவின் கையிலிருந்த துத்தி இலைகள் தரையில் உதிர்ந்தன.

"கேட்டேன். நாலஞ்சு வீடு. ஏன்?"

"அப்பாவும் அப்படித்தான் கேக்குறாங்க. நல்ல எடமா அமையணும்னா கேட்டுத்தானே ஆகணும்?"

வெளியே எருமை ஒன்று கத்தியது. வரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் காதுமடல் வரை மகிழ்ச்சி படர்ந்திருந்ததை நான் கண்டேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார், பலகையைப் பார்த்தார், இவ்வளவு நேரமும் நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

"வாயாடி" என்றார். பிறகு, "ஆனா பலகையில ஆடாம உக்காந்திருக்கா" என்றார். கடைசியில் பாயில் சப்பணமிட்டு அமர்ந்து, "நான் உக்காந்துட்டேன். நீங்களும் உக்காருங்க அண்ணே. தட்டை எடுத்துட்டு வாங்க" என்றார்.

ஆனந்தத்தில் அப்பா எல்லாவற்றையும் மறந்துவிட்டார். ஒரு மாதமாக உட்காராத அந்தச் சிலுவாரோடு, நாற்காலியில் தொப்பென்று அமர்ந்தார். துணி கிழியும் ஓசை தெருவுக்குக் கேட்டிருக்கும். "எலெக்சன் முடிஞ்சுதா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டார். அப்போது நான் சிரித்தேன். வரனும் சிரித்தார். இரண்டு சிரிப்பும் ஒரே சமயத்தில் வெளிவந்ததால் எது யாருடையது என்று எவரும் குற்றம் சொல்லமுடியவில்லை. அப்பா தோள்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, முதுகைச் சுவரோடு வைத்து நகர்ந்து வந்து தட்டை மாற்றிக்கொண்டார்.

விருந்துக்கு அம்மா அந்தக் கருணைக்கிழங்கையே மசித்தாள். சம்பந்தி கொண்டுவந்ததை அன்றே சமைப்பதுதான் மரியாதை. ஆனால் மகிழ்ச்சியின் அவசரத்தில் புளி போதாமல் போய்விட்டது. முதல் கவளத்திலேயே எல்லாருக்கும் தொண்டை அரிக்கத் தொடங்கியது. அப்பாவுக்குத்தான் அதிகம், மரியாதைக்காக இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர்.

அன்று மாலை வேட்டி கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். "ஜென்டில்மென்" என்று தொடங்கினாராம். அதற்குப் பிறகு வெளிவந்தது எந்த மொழியிலும் சேராத ஒரு கர்ஜனை. அவர் செருமச் செருமத் துரைமார் தண்ணீர் கொடுத்தார்களாம். யாரோ பாவம் பார்த்து நாற்காலியும் கொடுத்தார்களாம். அப்பா உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததால் வாபஸ் வாங்கிக்கொண்டார் என்று பாதிப்பேர் எண்ணிக்கொண்டார்கள். அந்த வெள்ளைக்கார வியாபாரிதான் மறுபடியும் ஜெயித்தார்.

என் கல்யாணத்தன்று பந்தலில், தோல்வியைப் பற்றி யாரோ அப்பாவிடம் துக்கம் விசாரித்தார்கள். அவர் பதில் சொல்லுமுன் பக்கத்திலிருந்த அத்தை முந்திக்கொண்டார்.

"அரிச்சதுல தப்பில்ல. அது மூலத்துக்கு நல்லது. அடுத்த தடவை நிக்கும்போது முன்னாலயே சொல்லி அனுப்புங்க அண்ணே; நான் வந்து புளி ஊத்துறேன்."